தண்ணீர் எதுவரை வந்தது?

(வடகிழக்குப் பருவமழைக்கு முன், சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கார் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதைப் பற்றிப் பேசுங்கள், எல்லோருக்கும் பயன்படும்" என்றார்கள் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள். முடிச்சூரில் நின்றுகொண்டு இதைப் பேசுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இங்கிருந்து மேற்கே போனால் ஒரகடம். ரெனோ-நிசான் தொழிற்சாலை 2010இல் அங்கே தொடங்கியது. வடமேற்கே இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ 1998இல் அங்கிருந்துதான் வெளியே வந்தது. தெற்கே மறைமலைநகர். 2022இல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தும்வரை அங்கேயும் கார்தான். இந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள், இன்னும் பார்ப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே சிலர் இருப்பீர்கள். ஆனால் காலையில் கார் கிளம்பவில்லை என்றால் இன்ஜினியர், ஆசிரியர், கடைக்காரர் என்று வித்தியாசம் இல்லாமல் எல்லோருடைய கையும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. சாவியை இன்னொரு தரம் திருப்புகிறது. அப்புறம் இன்னொரு தரம், கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டு.

அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

வேறு ஊர்களில் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, "என்ன சத்தம் வந்துச்சு?" என்பது. அது நல்ல கேள்வி. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அடையாற்றங்கரையில் இருக்கும் நமக்கு, அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" இதற்குப் பதில் தெரியாமல் சாவியைத் தொடக்கூடாது. பிறகு இதற்கு வருகிறேன். முதலில் தண்ணீர் வராத நாட்களைப் பார்த்துவிடுவோம். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அப்படித்தானே.

காலை எட்டு மணி. பிள்ளைகள் யூனிஃபார்மில் ஏறி உட்கார்ந்தாயிற்று. சாவியைத் திருப்புகிறீர்கள். "கிளம்பவில்லை" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் குறைந்தது நான்கு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன, அவற்றைக் காதாலேயே பிரித்துவிடலாம். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் மின்சாரமே வரவில்லை. விளக்குகள் எரிகின்றன, ஆனால் சாவியைத் திருப்பினால் 'டகடகடக' என்று விடாமல் அடிக்கிறது என்றால் பேட்டரியில் ஏதோ மிச்சம் இருக்கிறது, செல்ஃப் மோட்டாரைச் சுற்றும் அளவுக்கு இல்லை. ஒரே ஒரு 'டக்', பிறகு மௌனம் என்றால் செல்ஃபின் சொலினாய்டு வேலை செய்திருக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. நான்காவது, செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. முதல் மூன்றும் ஒரு குடும்பம். நான்காவது வேறு குடும்பம். அங்கே பேட்டரியைச் சந்தேகப்படுவது வீண்வேலை.

இன்ஜினைச் சுற்றிவிட செல்ஃப் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று தெரிந்தால் முதல் குடும்பம் தானாகப் புரிந்துவிடும். சின்ன பெட்ரோல் காருக்கே நூறு ஆம்பியருக்கு மேல். டீசலுக்கு அதைவிட நிறைய. உங்கள் வீட்டு ஏ.சி. இழுப்பது பத்து ஆம்பியருக்குள்தான். அவ்வளவு மின்சாரம் போகும் பாதையில், டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் அந்தப் பொடி ஒரு மெல்லிய அடுக்கு இருந்தாலே போதும், வழி அடைபட்டுவிடும். அதே பொடி வழியாக விளக்குக்கும் ஹாரனுக்கும் தேவையான சில ஆம்பியர் தாராளமாகப் போகும். "லைட் எரியுது சார், ஹாரன் அடிக்குது, அப்ப பேட்டரி நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டு, சுவரைப் பார்த்து, ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் சட்டென்று செத்துப்போனால் பேட்டரி அல்லது டெர்மினல். வெளிச்சம் அப்படியே இருந்து செல்ஃப் மட்டும் அசையவில்லை என்றால் மின்சாரம் மோட்டார்வரை போகவே இல்லை. ரிலேயோ, ஃபியூஸோ, கிளட்ச் சுவிட்சோ, ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் கியர் 'பி'யில் சரியாக உட்காராததோ காரணமாக இருக்கலாம். கியரை ஒருமுறை 'என்'னுக்குத் தள்ளிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. கையில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு: ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட் என்றால் அது கிட்டத்தட்ட காலி. செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக்கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். கடைசியாகச் சொன்னது வரவில்லை என்றால் குற்றவாளி பேட்டரி அல்ல, நம் பட்டறைகளில் இன்றைக்கும் டைனமோ என்றே சொல்லும் ஆல்டர்னேட்டர். புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாலும் மூன்றாம் நாள் அதே இடத்தில் நிற்பீர்கள். பேட்டரி விற்றவருக்கு அதில் வருத்தம் இருக்காது.

சென்னை வெயிலில் பேட்டரி மூன்று, நான்கு வருஷம் தாண்டுவது பெரிய விஷயம். குளிர்தான் பேட்டரிக்கு எதிரி என்று படித்திருப்பீர்கள். அது குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. நம் ஊரில் பேட்டரியை உள்ளே அரிப்பது மே மாத வெக்கை. வெளியே தெரிவது மழைக்காலத்தில். காரணம் லேசானது. வைப்பர், ஹெட்லைட், கண்ணாடிப் புகையைப் போக்க ஏ.சி. என எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, முடிச்சூர் சாலையில் தாம்பரம் ஸ்டேஷன்வரை ஊர்ந்து போய்த் திரும்பினால், ஸ்டார்ட் செய்தபோது செலவானது முழுதாகத் திரும்பி ஏறுவதில்லை. தினமும் கொஞ்சம் கடன். ஒரு நாள் கடன்காரன் கதவைத் தட்டுவான்.

ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் இதே கதைதான். பூட்டி வைத்த காரில் அலாரம், கம்ப்யூட்டர், கடிகாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரத்தில் பாதி காலி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, சில மாதம் கழித்து எல்லோரும் காருக்குள் உட்கார்ந்தபோது தெருவெல்லாம் ஜம்பர் கேபிள் தேடியது நினைவிருக்கும்.

ஜம்பர் கேபிள் மாட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கருப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறுமுனை செத்த பேட்டரியில் அல்ல; அந்தக் காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஏதாவது ஓர் இரும்பில். கடைசி இணைப்பில்தான் தீப்பொறி தெறிக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், இரண்டும் சந்திக்கக்கூடாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

அடுத்த குடும்பத்துக்கு வருவோம். செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், செல்ஃப் மோட்டார் சூடேறிக் கருகும். நிறுத்தி, சாவியை 'ஆன்' நிலையில் மட்டும் வைத்து, ரேடியோவை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி 'ங்ங்ங்' என்று ஒரு முனகல் வரவேண்டும். அதுதான் பெட்ரோல் பம்ப். அது வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று தேடிக்கொண்டு போகலாம். டேஷ்போர்டில் சாவி படம் போட்ட விளக்கு விடாமல் மின்னினால் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை, மாற்றுச் சாவியை எடுத்து வாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால், சாவியையே ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டி வைத்து அழுத்தினால் பல வண்டிகள் கிளம்பிவிடும். சி.என்.ஜி. கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களில் பலருடைய வண்டி முதலில் பெட்ரோலில்தான் உயிர்பெறும், பிறகுதான் கேஸுக்கு மாறும். மிச்சம் பிடிக்கிறேன் என்று பெட்ரோல் டேங்கைக் காயவிட்டவர்கள் கேஸ் நிறைய வைத்துக்கொண்டு தெருவில் நிற்பார்கள்.

எலியை விட்டுவிட முடியாது. நம் நகர்களில் வீட்டுக்கு வீடு நடுவே காலிமனை, புதர். மழை பெய்தால் வளைக்குள் தண்ணீர், எலிக்கு உலர்ந்த சூடான இடம் உங்கள் பானெட். ஒரே ஒரு சென்சார் ஒயரைக் கடித்தால் போதும், கிராங்க் சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை என்று கம்ப்யூட்டர் பெட்ரோலும் விடாது, பொறியும் கொடுக்காது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இங்கே அனுபவத்தைவிட ஸ்கேனர் கெட்டிக்காரன், அவனிடம் விட்டுவிடலாம். ஒன்று மட்டும், எலிக்கு விஷம் வைக்காதீர்கள். அது ஏ.சி. புளோயருக்குள் போய்ச் செத்தால் காரை நீங்களே விற்றுவிடுவீர்கள்.

இனி, முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன்.

2015. நவம்பர் நடுவில் ஒருமுறை நம் தெருக்களில் தண்ணீர் வந்தது. வடிந்து, வீட்டைக் கழுவி முடிப்பதற்குள் டிசம்பர் வந்துவிட்டது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு வந்தது. வீட்டு வாசலில் நின்ற கார்கள் கூரைவரை மூழ்கின. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வாரத்தைப் பற்றி. தண்ணீர் வடிந்தது, வெயில் வந்தது, கார்கள் காய்ந்தன. வெளியே காய்ந்தன. வீட்டுக்கு வீடு ஆள் உள்ளே உட்கார்ந்து, சாமியைக் கும்பிட்டு, சாவியைத் திருப்பினார். தண்ணீர் அழித்த இன்ஜின்கள் நிறைய, உண்மைதான். ஆனால் தண்ணீர் சும்மா விட்டுவிட்டுப் போன இன்ஜின்களைச் சாவி அழித்தது.

எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கணக்கு என்றதும் பயப்படவேண்டாம், வகுத்தல் மட்டும்தான். 1200 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார் என்றால் ஒரு சிலிண்டருக்கு 400 சிசி. பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இழுத்த காற்றைப் பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது. அப்படியானால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் 400ஐ 9ஆல் வகுத்தால் வருவது, சுமார் 44 மில்லி. காற்றை அமுக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. அந்த 44 மில்லிக்கு மேல் ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் உச்சிக்குப் போக இடமே இல்லை. மூன்று மேசைக்கரண்டி தண்ணீர். டீசலில் இன்னும் மோசம். 1250 சிசி, நான்கு சிலிண்டர், அமுக்கம் 17 மடங்கு என்று எடுத்துக்கொண்டால் மிச்ச இடம் 20 மில்லிகூட இல்லை. இருமல் மருந்து பாட்டில் மூடியில் இரண்டு தரம் ஊற்றினால் தீர்ந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் 3000 சுற்றில் இருந்தால் ஒரு நொடிக்கு 50 தடவை பிஸ்டன் மேலே வருகிறது. அந்த வேகத்தில் தண்ணீரில் மோதினால் கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் உடைந்து பிளாக்கையே துளைத்து வெளியே வரும். நின்றுபோன இன்ஜினில் செல்ஃப் மட்டும் சுற்றும்போது வேகம் குறைவு, பெரும்பாலும் 'டக்' என்று முட்டிக்கொண்டு நின்றுவிடும். அங்கேயே கையை எடுத்தால் பிழைத்தோம். ஆனால் நாம் எடுப்பதில்லையே. மறுபடி, மறுபடி. ஏதோ ஒரு சிலிண்டர் காய்ந்திருந்து பற்றிக்கொண்டால், அந்தப் பலம் பக்கத்து சிலிண்டரின் பிஸ்டனைத் தண்ணீர்மேல் தூக்கி அடிக்கும். அதனால்தான் வெள்ளத்துக்குப் பிறகு வரும் அந்த ஒற்றை 'டக்' சத்தத்துக்குப் பேட்டரி என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு ஜம்பர் கேபிளை எடுக்கக்கூடாது. முதலில் சொன்ன அதே சத்தம்தான், அர்த்தம் வேறு. இடமும் மாதமும் பார்த்துத்தான் சத்தத்துக்குப் பொருள்.

இன்னொன்றும் நம் ஊரில் நடக்கிறது. "அண்ணே, செகண்ட் கியர்ல போடுங்க, நாங்க தள்ளுறோம்" என்று நல்ல மனசோடு நான்கு பையன்கள் வருவார்கள். சாதாரண நாளில், மேனுவல் கியர் வண்டியில், அது சரி. தண்ணீர் குடித்த இன்ஜினுக்கு அதைவிடக் கேடு இல்லை. செல்ஃப் மோட்டாராவது முட்டிக்கொண்டு நிற்கும். சக்கரம் வழியாக வரும் ஒரு டன் எடை நிற்காது. நியூட்ரலில் தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோகட்டும், டீ வாங்கிக் கொடுங்கள், கியர் போடாதீர்கள்.

இங்கே கொஞ்சம் பழங்கதை. மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டரை உருவாக்கியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1912 மாடல் காடிலாக்கில் அது வந்தது. அதற்கு முன் முன்பக்கம் ஹாண்டில் போட்டுச் சுற்றவேண்டும். நம் ஊர் பழைய அம்பாசடர், ஃபியட் ஓட்டியவர்களுக்கும் ஹாண்டில் தெரியும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்கவேண்டும். இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். கெட்டரிங் செய்தது பெரிய உபகாரம், எத்தனையோ கைகள் பிழைத்தன. ஆனால் ஹாண்டிலைச் சுற்றிய கைக்கு ஒன்று தெரிந்தது. உள்ளே காற்று அமுங்கும்போது அது ஸ்பிரிங் மாதிரி எதிர்த்து, பிறகு இளகும். தண்ணீர் இருந்தால் இளகாது, கல்லாக நிற்கும். அந்தத் தகவல் இன்று நம் கைக்கு வருவதில்லை. சாவிக்கும் பட்டனுக்கும் எல்லா எதிர்ப்பும் ஒன்றுதான்.

அதனால் வெள்ளத்தில் நின்ற காருக்கு நல்ல மெக்கானிக் செய்யும் முதல் வேலை, அந்த ஹாண்டில் காலத்துக்குத் திரும்பிப் போவதுதான். முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுவார், சாவி யார் கைக்கு வந்தாலும் ஆபத்தில்லை. கதவில் சேறு விட்டுப்போன கோட்டைப் பார்ப்பார். ஹெட்லைட் உயரத்தில், கிரில்லுக்குப் பின்னால், காற்று இழுக்கும் குழாயின் வாய் இருக்கும். கோடு அதற்கு மேலே போயிருந்தால் உள்ளே தண்ணீர் என்றே வைத்துக்கொள்வார். கோடு கீழே இருந்தாலும், ஓடும்போது நின்ற வண்டி என்றால் சந்தேகம் போகாது. எதிரே ஒரு பஸ் வந்தால் முடிச்சூர் சாலையில் எழும் அலை உங்களுக்குத் தெரியும். ஏர் ஃபில்டரைத் திறந்து தாள் நனைந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஆயில் டிப்ஸ்டிக்கை உருவுவார். அளவு கூடியிருந்தாலோ, ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தாலோ தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது. பிறகு பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றுவார். தண்ணீர் இருந்தால் பிளக் ஓட்டை வழியாகப் பீறிட்டு வெளியே வரும், எதையும் வளைக்காது. டீசலில் இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்றவேண்டும், வேலை அதிகம், ஆனால் முறை அதேதான். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, மறுபடி மாற்றவேண்டும். பெட்ரோல் டேங்கையும் இறக்கிக் காலி செய்துவிடுவது நல்லது. இப்போது பம்புகளில் வருவது 20 சதவீதம்வரை எத்தனால் கலந்த பெட்ரோல். கொஞ்சம் தண்ணீர் எத்தனாலோடு கரைந்திருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்து.

இதெல்லாம் சரியாகச் செய்து இன்ஜின் பிழைத்துவிட்டால்கூட, அடுத்த விஷயம் ஒயரிங். ஏர்பேக் கம்ப்யூட்டர் பல கார்களில் நடுவே, கியர் லீவருக்கு அடியில், தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. கார்பெட்டுக்குக் கீழே ஒயர்க் கட்டுகள் ஓடுகின்றன. ஆகவே இன்ஜினைத் தொடாமல், உள்ளே கணுக்கால் அளவு மட்டும் வந்த தண்ணீரும் சின்ன விஷயம் இல்லை. கனெக்டருக்குள் தங்கிய ஈரம் உடனே எதையும் செய்யாது. பச்சை பிடிக்க நாளாகும். டிசம்பரில் நனைந்த கார் பொங்கலுக்கு ஜோராக ஓடும். மார்ச்சில் ஒரு நாள், வெயில் கொளுத்தும்போது, காரணமே இல்லாமல் நிற்கும். மெக்கானிக்கிடம் போகும்போது "போன மழையில் உள்ளே தண்ணீர் வந்தது" என்று சொல்லுங்கள். யாரும் சொல்வதில்லை. அவரும் புதுப் பேட்டரி எழுதிக் கொடுப்பார்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள், நமக்கு இதெல்லாம் இல்லை என்று சிரிக்கவேண்டாம். உங்கள் காரிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் சுவிட்சை இயக்குவதே அதுதான். அது படுத்துவிட்டால், பெரிய பேட்டரியில் 300 கிலோமீட்டருக்குச் சார்ஜ் இருந்தாலும் கார் கிளம்பாது. வெள்ளத்தில் மூழ்கிய மின்சாரக் காரை சார்ஜரில் மாட்டவே மாட்டாதீர்கள். வீட்டுச் சுவரை ஒட்டியும் நிறுத்தாதீர்கள்.

இன்ஷூரன்ஸ். முழு பாலிசி எடுத்திருந்தால் வெள்ளச் சேதம் அதில் அடங்கும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யப்போய் இன்ஜின் உடைந்தால், அது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் அல்ல, பின்விளைவு என்று கம்பெனி சொல்லும்; சாதாரண பாலிசியில் அதற்கு இடமில்லை. இன்ஜின் ப்ரொடெக்ட் என்று தனியாகக் காசு கட்டிச் சேர்க்கவேண்டும். நம் பகுதியில் இருந்துகொண்டு அதை எடுக்காமல் இருப்பது எனக்குப் புரியாத சிக்கனம். எடுத்திருந்தாலும் சேற்றுக்கோட்டைக் கழுவுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள், கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள், பிறகுதான் ரெக்கவரி வண்டி. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் எழுதிய கார் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை டோட்டல் லாஸ் என்று எழுதிவிடுவார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், காரை எப்போது நகர்த்துவது? இதிலும் ஒரு தவறான கணிப்பு நடக்கிறது. மழை வலுத்ததும் எல்லோரும் டிவியில் செம்பரம்பாக்கம் ஏரி எத்தனை அடி என்று பார்க்கிறோம். 24 அடியில் இன்னும் இரண்டு அடி பாக்கி, பயமில்லை என்று தூங்கப் போகிறோம். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். நாம் அதற்கு மேலே, ஆறு வரும் திசையில் இருக்கிறோம். நமக்கு வருவது மணிமங்கலம் பக்கத்து மலைப்பட்டு ஏரியிலிருந்தும், ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளிலிருந்தும் வழிந்து வரும் தண்ணீர். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது ஜாஃபர்கான்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் பெரிய கதை. நம் வீட்டு வாசலுக்கு வந்த தண்ணீரின் கதை அது அல்ல. டிவி திரையின் அடியில் ஓடும் வரியில் மணிமங்கலம் பக்கத்து ஏரி வராது. அங்கே தெரிந்தவர் யாராவது இருந்தால் அவருடைய போன் நம்பர் டிவியைவிட உபயோகமானது. ஏரி கலங்கல் போகிறதா என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தினார்கள். சிலர் கேலி செய்தார்கள். முந்தைய வருஷம் மிக்ஜாம் புயலில் கார் மூழ்கியவர் கேலி செய்திருக்கமாட்டார். மேடு எது என்று நம் தெருக்காரர்களுக்கே தெரியும். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி ஒரு மணிக்குத் தேடவேண்டாம். நகர்த்த முடியாமல் போய்விட்டால் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு மாடிக்குப் போய்விடுங்கள். கார் நிற்கட்டும்.

கடைசியாக, பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு. வெள்ளத்தில் நின்ற கார்கள் கழுவி, பாலிஷ் போட்டு, விலைக்கு வருகின்றன. வெளியூர்க்காரர் மட்டும் வாங்குகிறார் என்று நினைக்காதீர்கள், அடுத்த தெருவுக்கே வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். எப்போதும் சுருட்டியே இருக்கும் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக்கறை கோடாக நிற்கும், அதை யாரும் கழுவுவதில்லை. ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழிக்குள் கைவிட்டுப் பாருங்கள். முன்சீட்டின் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, கார்பெட்டின் அடியில் மெல்லிய வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வண்டியைக் கொண்டுவந்திருப்பவர்கள் பானெட்டைத் திறந்து வையுங்கள், வெளியே வருகிறேன்.